ஒரு சொல்லும் ஒரு துண்டும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான் வேண்டும். இரண்டாவது பதில் வந்தால் முதலாவது பொய் என்று முடிவு கட்டிவிடுவார். மற்றபடி நல்ல மனுஷர்தான்.

ஒருநாள் இங்கிலீஷ் வியாபாரி ஒருவன் சபைக்கு வந்தான். அவன் பேச்சைத் தமிழில் சொன்னவர் துபாஷி பரஞ்சோதி. வியாபாரி குதிரையைக் காட்டி 'ரன்' என்றான். "நன்றாக ஓடுமாம், மகாராஜா." துணியைக் காட்டியபோதும் அதே 'ரன்'தான், முன்னால் ஒரு 'நாட்' சேர்த்து. "சாயம் போகாதாம்." கடைசியிலும் ஒரு 'ரன்'. "துறைமுகத்தில் கடை நடத்துகிறாராம்."

பரஞ்சோதியைக் கண்டாலே ஆகாத பிரதானி திம்மராயர் எழுந்தார். "மகாராஜா! ஒரே சொல்லுக்கு மூன்று அர்த்தமா? வாய்க்கு வந்ததை அளக்கிறார்!"

"நாளைக்கு ஒரே அர்த்தமாகச் சொல்லும். இல்லையேல் நாட்டை விட்டுப் போம்" என்றார் ராஜா.

பரஞ்சோதி நேரே அரண்மனை விகடகவி கொண்டப்பனிடம் போய் அழுதார். "பிள்ளைகுட்டிக்காரனப்பா நான். எங்கே போவேன்?"

"எங்கும் போகவேண்டாம். உம் துண்டைக் கொடும்."

மறுநாள் கொண்டப்பன் தோளில் துண்டோடு சபைக்குள் நுழைந்தான். திம்மராயர் துள்ளி எழுந்தார். "ராஜசபையில் தோளில் துண்டா? என்ன திமிர்!"

கொண்டப்பன் அதை இடுப்பில் கட்டினான். "இது?"

"இதுதான் மரியாதை."

தலையில் போட்டுக்கொண்டான்.

"சீச்சீ, குடிமுழுகிப் போனவன் மாதிரி!"

காலியாகக் கிடந்த பிரதானியின் ஆசனத்தில் விரித்தான்.

"அடேய், என் இடத்தையே பிடிக்கப் பார்க்கிறாயா?"

கொண்டப்பன் ராஜாவைப் பணிந்தான். "மகாராஜா, துண்டு ஒன்றுதான். பிரதானியார் நான்கு அர்த்தம் சொல்லிவிட்டார். மூன்று சொன்ன துபாஷியை நாடு கடத்தினால், இவரை எவ்வளவு தூரம் அனுப்புவது?"

ராஜா முதலில் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பரஞ்சோதி, நீர் இங்கேயே இரும். அந்தச் சொல் முதலில் எதற்குப் பிறந்ததாம்? கேளும்."

பரஞ்சோதி சபையிலிருந்த வியாபாரியிடம் விசாரித்துச் சொன்னார்: "அவர்கள் முன்னோர் பேச்சில் கால் ஓடுவதற்கும் தண்ணீர் ஓடுவதற்கும் இருந்ததாம், மகாராஜா. மற்றதெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவையாம்."

சிரித்துச் சிரித்து ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆசனத்தில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"துண்டு பிறந்ததும் இதற்குத்தான், மகாராஜா" என்றான் கொண்டப்பன்.

ராஜா மறுபடி சிரித்து, தம் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து நீட்டினார். கொண்டப்பன் வாங்கி இடுப்பில் கட்டப் போனான்.

"தோளிலேயே போடப்பா. திம்மராயர் அர்த்தம் சொல்லட்டும்" என்றார் ராஜா.