சுரூபம் இல்லாத சப்பரம்

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு வாயாடிக்கொண்டு திரிந்த காலத்தில், சிப்பிக்கரை என்றொரு மீனவர் ஊர் இருந்தது. ஊர்க் கோயிலில் அந்தோனியாருக்கு ஒரு திருநாள், செபஸ்தியாருக்கு ஒரு திருநாள், சவேரியாருக்கு ஒரு திருநாள். எல்லாத் திருநாளுக்கும் சப்பரத்துக்குப் பூக் கட்டியவள் மர்சலீனாள்.

அவள் கணவன் மிக்கேல், கவிழ்ந்த வள்ளத்தில் இருந்தவர்களைக் கரை சேர்த்துவிட்டுத் தான் மட்டும் திரும்பாமல் போனவன். உடல் கிடைக்கவில்லை. மெழுகுதிரி ஏற்ற அவளுக்கு ஒரு கல்லறைகூட இல்லை. அந்தக் குறை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் கரையில் வந்து இறங்கிய ஆலாப் பறவையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ ஆலா, நீ மோட்சம் வரைக்கும் பறக்கிறவ. அங்க எத்தன புனிதர் இருக்காவ? நம்ம கோயில்ல நிக்கிற இத்தன பேருதானா?"

"நல்லா கேட்ட போ! உக்கார இடமில்லாம நெருக்கிக்கிட்டு நிக்காவ. பேரு தெரியாதவியதான் முக்காவாசி."

"அவியளுக்கு எப்பத் திருநாள்?"

"அத உங்க சாமியார்ட்ட கேளு" என்று ஆலா பறந்துவிட்டது. மர்சலீனாள் விடவில்லை, பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டுவிட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சகல புனிதருக்கும்னு நவம்பர் முதல் தேதி இருக்கத்தானே செய்யுது! நம்ம ஊருலதான் கொண்டாடாம விட்டுட்டோம்."

திருநாளும் வந்தது. கோயிலில் இருந்த புனிதர் சிலைகளான சுரூபங்கள் எல்லாம் சப்பரம் ஏறின. மர்சலீனாளோ ஆர்வக் கோளாறில் ஒரு சப்பரத்துக்குக் கூடுதலாகப் பூக் கட்டி வைத்திருந்தாள்.

"சுரூபம் இல்லாத சப்பரத்த எவம்ல தூக்குவான்?" என்று சிரித்தார்கள் இளவட்டங்கள்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். மிக்கேலின் துடுப்பைக் கொண்டுவந்து பூக்களின் நடுவே வைத்தாள். அவன் காப்பாற்றியவர்களும் அங்கேதான் நின்றார்கள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஆலா மட்டும் சப்பரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. "மர்சலீனா, ஒருத்தர வச்சிட்டா பேரு தெரியாத மத்தவிய எங்க உக்காருவாவ?"

அவளுக்கு அழுகை பொங்கியது. பிறகு துடுப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு விலகினாள்.

"காலிச் சப்பரம்தான, ரெண்டு பேரு போதும்" என்று இருவர் தோள் கொடுத்தார்கள். அசையவில்லை. நாலு பேர் வந்தார்கள், அப்போதும் அசையவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்த பிறகுதான் மரம் முனக மேலே எழுந்தது.

மர்சலீனாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகே போனாள். "ஏங்க, நீங்களும் ஏறிட்டியளா?" என்று மெல்லக் கேட்டாள்.

அன்று தொடங்கியதுதான்: சிப்பிக்கரையில் சகல புனிதர் திருநாளன்று, கடைசியாக ஒரு சப்பரம் சுரூபம் இல்லாமல் வரும். மற்றவற்றுக்கு நாலு பேர் போதும். அதைத் தூக்க மட்டும் எட்டுப் பேர்.