மூட்டையைப் பார்க்கும் தாத்தா

“தையல் மிஷின் வாங்கி வெச்சது எங்க அண்ணிதான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. நீயும் சொல்லிடாத.”

டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள். பேசியவள் கமலவேணியின் நாத்தனார். பின் சீட்டில் இருந்த பிலோமினா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கமலவேணி அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி.

“மிஷின் கிடைச்ச அந்தம்மா என்னடான்னா, இன்னைக்கு வரைக்கும் வாய்க்காலுக்காக எங்க அண்ணியோட மல்லுக்கட்டுது.”

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் புயலில் பிலோமினாவின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பழைய தையல் மிஷின் அதோடு போயிற்று. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வாசலில் புது மிஷின் ஒன்று, சாக்கு போட்டு மூடி, மழை படாமல் வைக்கப்பட்டிருந்தது. பெயர் இல்லை. சீட்டு இல்லை. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி அவள் நேராக இஞ்ஞாசியின் பட்டறைக்குப் போனாள்.

காகிதக் கூழில் பொம்மை செய்யும் பட்டறை அது. கிறிஸ்துமஸ் தாத்தாக்களுக்குச் சிவப்பு அங்கி தைத்துக் கொடுக்கத்தான் முதலில் அங்கே போனாள். பிறகு முகம் எழுதவும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். இஞ்ஞாசிக்கு முப்பத்தாறு வயது. அவளுக்கு ஐம்பத்திரண்டு. அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கண்ணை எழுத வேண்டும். தாத்தாவின் கண், கையிலிருக்கும் மூட்டையைப் பார்க்க வேண்டும்.

மதியம் இஞ்ஞாசி வந்து, அவள் கண் எழுதி வைத்திருந்த பலகையைப் பார்த்தார்.

“அக்கா, பதினோரு தாத்தாவும் நம்மளையே பார்க்கிறாங்க.”

“கை தவறிடுச்சு மாஸ்டர்.”

“ஒண்ணு தவறலாம். பதினொண்ணுமா?”

பிலோமினா தூரிகையைத் தண்ணீரில் போட்டாள். பஸ்ஸில் கேட்டதைச் சொன்னாள்.

“இந்த ரெண்டு வருஷம் நான் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியாது. யார் வெச்சாங்கன்னு தெரியல. அதனால ஊர்ல ஒருத்தர்கிட்டயும் முகம் சுளிக்க முடியல. மீன்காரன் கெட்ட மீனைத் தலையில கட்டினாலும் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டு வந்தேன். அவனாவே இருந்துட்டா?”

“கமலவேணி அக்காகிட்ட?”

“அவகிட்ட மட்டும்தான் நிம்மதியா சண்டை போட்டேன். அவளா இருக்கவே முடியாதுன்னு ஒரு தைரியம்.”

இஞ்ஞாசி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“நீங்க சிரிப்பீங்க. இனிமே அவ முன்னாடி நான் எப்படி நிமிர்ந்து நடப்பேன்? மிஷினைத் தூக்கிட்டுப் போய் அவ வாசல்லயே வெச்சிடலாம்னு தோணுது. அடுத்த நிமிஷம் அவ கால்ல விழுந்துடலாம்னு தோணுது. எது சரி மாஸ்டர்?”

இஞ்ஞாசி பலகைப் பக்கம் திரும்பினார். பதினோரு பொம்மைகளையும் எடுத்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே அலமாரியில் வரிசையாக வைத்தார்.

“அடுத்து செய்யப்போற தாத்தாங்களோட அங்கிக்கெல்லாம் பித்தான் வெச்சு முடிங்க. அப்புறம் பேசலாம்.”

பிலோமினா ஊசியைக் கோத்தாள். இரண்டு பித்தான் தைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முக்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள். இன்னும் ஒரு பித்தான். பிறகு வலப்பக்கம் நகர்த்தினாள்.

“இதுங்களைத் திருப்பி வைக்கவா?”

“ஏன்?”

“எங்க உக்காந்தாலும் என்னையே பார்க்குதுங்க. விரல்ல குத்திக்கிட்டேன்.”

“கொடுக்க வந்த தாத்தாதானே அக்கா?”

“கொடுத்துட்டு, அதை எப்படி வெச்சிருக்கேன்னு பார்க்க வந்த மாதிரி இருக்கு.”

இஞ்ஞாசி எழுந்து ஒவ்வொன்றாகச் சுவர் பக்கம் திருப்பினார்.

“மாஸ்டர், கடையில விக்கிற தாத்தா எல்லாம் நேராத்தான் பார்க்குது. நம்ம தாத்தா மட்டும் ஏன் மூட்டையைப் பார்க்கணும்?”

“எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒரு கதை சொல்வார். உண்மையான்னு நான் கேட்டதில்ல.” அவர் ஒரு பொம்மையை மடியில் வைத்துக்கொண்டார். “எங்கேயோ தூரத்துல, கடலோரம் ஒரு ஊர். அங்க நிக்கோலாஸ்னு ஒரு ஆயர், பிஷப்பு. அவர்தான் நம்ம தாத்தா. தொப்பை கிடையாது, சிவப்பு அங்கி கிடையாது. ஒல்லியா இருப்பார். அந்த ஊர்ல ஒருத்தன் மூணு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டுச் சோத்துக்கில்லாம இருந்தான். அவன் வீட்டு ஜன்னல் வழியா ஒரு பை வந்து விழுந்துது. பிரிச்சா தங்கம். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொண்ணு. மூணாவது தடவை அவன் ஒளிஞ்சிருந்து, பையைப் போடறதுக்குள்ள துரத்திப் பிடிச்சுட்டான்.”

“பிடிச்சு?”

“யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவர் கேட்டுக்கிட்டார். அவனும் சரின்னான்.”

“அப்புறம்?”

“சொல்லிட்டான். இல்லன்னா நமக்கு ஏது வேலை?”

அன்று முதல் முறையாக பிலோமினா சிரித்தாள்.

“ஊர்ல இருந்த பொம்மைக்காரங்க அவரைச் செய்யப் பார்த்தாங்க. முகம் எப்படின்னு அந்த அப்பனைக் கேட்டாங்க. ஒரே இருட்டு, முக்காடு வேற, தெரியலன்னான். அதனால நிறைய தாடி வெச்சு முகத்தை மூடிட்டாங்க. ஆனா கண்ணை மூட முடியாதே. திரும்பவும் அவன்கிட்டயே போனாங்க. பிடிச்சப்ப உன்னை எப்படிப் பார்த்தார்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னான்?”

“என்னைப் பார்க்கவே இல்ல, திருடி மாட்டிக்கிட்டவர் மாதிரி கையில இருந்த பையையே பார்த்துக்கிட்டு நின்னார்னான்.”

பிலோமினா கையிலிருந்த அங்கியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“அக்கா, கமலவேணி அக்கா கடைசியா உங்களை எப்பத் திட்டினாங்க?”

“முந்தாநாள்.”

“மிஷின் வர்றதுக்கு முன்னாடி திட்டுவாங்களே, அந்த மாதிரியா? இல்ல, கொஞ்சம் விட்டுக்கொடுத்தா?”

பிலோமினா யோசித்தாள்.

“விட்டெல்லாம் கொடுக்கல. அதே தொண்டை. அதே வார்த்தை. தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.”

“இந்த ரெண்டு வருஷமும்?”

“ரெண்டு வருஷமும்.”

இஞ்ஞாசி மடியிலிருந்த தாத்தாவின் கண்களை ஈரத்துணியால் துடைத்து அவளிடம் நீட்டினார்.

“அப்ப அவங்களுக்குக் கண் எழுதத் தெரிஞ்சிருக்கு.”

பிலோமினா தூரிகையை எடுத்தாள். பதினோரு பொம்மைகளுக்கும் மறுபடி கண் எழுதிவிட்டு, சாயங்காலம் நாலரை மணிக்கு வீட்டுக்குப் போனாள்.

காலையில் பெய்த மழையில் வாய்க்கால் அடைத்திருந்தது. தண்ணீர் கமலவேணியின் வாசல் கோலத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. கமலவேணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

“வந்துட்டாங்க மகாராணி. ஊர்த் தண்ணியெல்லாம் என் வாசல்ல. கண்ணு தெரியுதா இல்லையா?”

பிலோமினா பையைத் திண்ணையில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள்.

“தெரியுது, தெரியுது. உன் வீட்டு முருங்கை இலைதான் வாய்க்கால் பூரா கிடக்கு. அதை முதல்ல பாரு.”

“என் மரத்தைப் பத்திப் பேசாத.”

“பேசுவேன். என் வாய், நான் பேசுவேன்.”

வீட்டுக்குப் பின்னால் போய் மண்வெட்டியை எடுத்து வந்தாள். வாய் ஓயாமல் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டே, குனிந்து, தன் வீட்டு முனையிலிருந்து கமலவேணியின் வாசலைத் தாண்டி அந்தக் கடைசி வரைக்கும் வாய்க்காலை வெட்டித் தள்ளிச் சுத்தம் செய்தாள்.