அறுகம்புல் மட்டும் தின்ற வாத்து

ஆவரங்குளத்தில் நூற்றுப்பத்து வரித்தலை வாத்துகள் இருந்தன. அவற்றில் நூற்றொன்பது கொழுத்திருந்தன. மீதி ஒன்றின் பெயர் தூவி. அது மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது.

வரித்தலை வாத்துகள் பனிமலைக்கு அப்பாலிருந்து வருபவை. மழைக்காலம் முடியும்போது வந்து இறங்கும். பங்குனியில் திரும்பிப் போகும். போகிற வழியில் அந்தப் பனிமலையைத் தாண்டியாக வேண்டும். அங்கே புல் கிடையாது, பூண்டு கிடையாது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான் கட்டுச்சோறு. கட்டுச்சோறு இல்லாமல் கிளம்பிய வாத்து எதுவும் மலையைத் தாண்டியதாகக் கேள்வியில்லை.

தூவிக்குத் தொல்லை தை மாதம் தொடங்கியது. அறுவடை முடிந்த வயலில் நெல் சிந்திக் கிடந்தது. எல்லா வாத்துகளும் மூக்குமுட்டத் தின்றன. தூவியும் தின்றது. பக்கத்து வரப்பில் இருந்த உளுந்துக் கொழுந்தையும் கடித்தது. குளத்துக்குத் திரும்பி, கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்றது. அதற்குமேல் கொஞ்சம் பாசியும் சாப்பிட்டது.

அன்று சாயங்காலம் அதன் வயிறு பானை போல உப்பியது. உள்ளே யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. செத்துவிடுவோம் என்றே தூவி நினைத்தது. நான்காம் நாள் எழுந்து போய் மறுபடி அதையெல்லாம் தின்றது. மறுபடி அதே வலி!

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

"கோரைக்கிழங்கு வாயு! அதை விட்டுடு!" என்றது ஒரு வாத்து. தூவி விட்டது. வலி போகவில்லை.

"பாசி குளிர்ச்சி! அதான் உனக்கு ஆகல!" என்றது இன்னொன்று. பாசியையும் விட்டது. வலி போகவில்லை.

"உளுந்து மந்தம்! தொடாதே!" என்றது மூன்றாவது. உளுந்தும் போயிற்று. கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று நெல்லையும் நிறுத்தியது.

வலி நின்றது! ஆனால் எதை விட்டதால் நின்றது? தூவி அதை யோசிக்கவே இல்லை. வலி இல்லாமல் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டது. விட்டது எதையும் திரும்பத் தொடப் பயம். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தூவிக்குத் தின்கிற பொருளெல்லாம் பேயாகத் தெரிந்தது. கரைமேட்டில் முளைத்த அறுகம்புல் ஒன்றைத்தான் நம்பியது. காலையிலும் அறுகம்புல். மாலையிலும் அறுகம்புல். அதிலும் நுனி மட்டும்.

அதன் கணவன் வரியனுக்கு மனசு பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு கிழங்கு தின்னு பாரேன், புள்ள!"

"ஐயோ, வேண்டாங்க! அந்த வலி உங்களுக்குத் தெரியாது!"

அது பொய்யில்லை. வலி பட்டவர்களுக்குத்தான் அது தெரியும்.

பங்குனி வந்தது. குளத்தில் ஒரு பழைய பனங்கட்டை மிதந்துகொண்டிருந்தது. பயணம் கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு வாத்தும் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். அது அந்தக் கூட்டத்தின் வழக்கம். கனம் தாங்காமல் கட்டை அமிழ்ந்து, பாதம் நனைந்தால் பயணம் போகலாம். பாதம் நனையாவிட்டால் குளத்திலேயே தங்க வேண்டியதுதான். தங்கினால் என்ன ஆகும்? சித்திரையில் குளம் வற்றும். வற்றிய குளத்துக்குள் நரி நடந்து வரும்.

அதற்கு முதல் நாள் இரகசியமாக ஏறிப் பார்த்தது தூவி. கட்டை அசையக்கூட இல்லை. பாதம் காய்ந்து கிடந்தது.

"எனக்கு ஒரு வழி தோணுது," என்றது வரியன். "கூழாங்கல்லா பொறுக்கி ஒரு இருபது முழுங்கிட்டு ஏறு. கட்டை தானா அமுங்கும்!"

"அப்புறம் மலையை எப்படிங்க தாண்டுவேன்?"

"முதல்ல கிளம்புவோம். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்!"

அந்த 'அப்புறம் பாத்துக்கலாம்' எத்தனை குடியைக் கெடுத்திருக்கிறதோ! தூவி கல்லை முழுங்கியது. மறுநாள் கட்டையில் ஏறியது. கட்டை அமிழ்ந்தது, பாதம் நனைந்தது. கூட்டத்தின் தலைவன் நெட்டையன் சந்தோஷமாகத் தலையாட்டியது.

அதற்கு அடுத்த நாள் வெள்ளோட்டம். அரைநாள் தொலைவில் இருக்கும் ஏரி வரைக்கும் பறந்து போய், தங்கி, திரும்ப வேண்டும். வரியனுக்கு முன்வரிசை முறை வந்தது. தூவி கடைசியில் பறந்தது. குளத்தின் தென்மூலையைக்கூடத் தாண்டவில்லை. கல்லின் கனம் கீழே இழுத்தது. சிறகில் தெம்பில்லை. தொப்பென்று சேற்றில் விழுந்தது.

"ஏங்க! ஏங்க!" என்று கத்தியது. முன்வரிசையில் இருந்த வரியனுக்குக் கேட்கவில்லை. கூட்டம் புள்ளியாகி மறைந்தது.

தூவி கல்லையெல்லாம் கக்கியது. எழுந்து பறக்கப் பார்த்தது. சிறகு முழுக்கச் சேறு. நான்கு அடி எழும்பி மறுபடி விழுந்தது. சுற்றிலும் கோரை. கோரைக்கு அப்பால் கரை. கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு, தூவித் தாயியா?"

நரி!

நரி சேற்றில் ஒரு காலை வைத்தது. கால் முட்டி வரை புதைந்தது. சட்டென்று உருவிக்கொண்டு கரையில் உட்கார்ந்தது. அதற்கு அவசரமே இல்லை. தை மாதத்திலிருந்தே அது புதரில் படுத்துக்கொண்டு, இந்த வாத்து எதைத் தின்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

வெயில் ஏறியது. தூவிக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. காலடியில் சேற்றுக்குள் கோரைக்கிழங்கு வாசம் வந்தது. அலகை மெல்ல நீட்டியது.

"ஐயையோ! அதைத் தொடாதே, தாயி!" என்று பதறியது நரி. "அது கோரைக்கிழங்கு! தை மாசம் நீ பட்ட பாடெல்லாம் மறந்துபோச்சா? வயிறு வெடிச்சுச் செத்துப்போவே!"

தூவி அலகை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"இங்க பாரு, அறுகம்புல்லு! பச்சைப் பசேல்னு! இது ஒண்ணுதானே உன் உடம்புக்கு ஒத்துக்குது? நான் இங்க இருந்தா உனக்குப் பயமா இருக்கும். அந்த மேட்டுக்குப் போயிடுறேன். நீ வந்து நிம்மதியா மேஞ்சுக்கோ."

சொன்னபடியே நரி பத்தடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

தூவி கிழங்கைப் பார்த்தது. கரையைப் பார்த்தது. கரையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது. நரியைவிட அதற்குக் கிழங்கின்மேல்தான் பயம் அதிகம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வயிற்று வலியில் கிடந்து எழுந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். நரி ஒரே கடியில் கொன்றுவிடும். கிழங்கு மூன்று நாள் முறுக்கிக் கொல்லும். அதன் கணக்கு அப்படி இருந்தது!

இன்னும் மூன்றடிதான் பாக்கி. கால் தள்ளாடியது.

"நரியண்ணே," என்றது தூவி ஈனக் குரலில். "நடக்கவே தெம்பில்ல. ஒரே ஒரு கிழங்கைக் கடிச்சிட்டு வரட்டுமா?"

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!" நரி துள்ளி எழுந்து திரும்பியது. "சொன்னாக் கேளு! கிழங்கைத் தொட்டா நீ செத்தே! உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்!"

தூவி நின்றது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! என் நல்லதில் இந்த நரிக்கு எப்போது இவ்வளவு அக்கறை வந்தது? கிழங்கு தின்று நான் செத்தால் அதற்கு லாபம்தானே? நாலு நாளில் சேறு காய்ந்துவிடும். ஆடி அசைந்து வந்து தூக்கிக்கொண்டு போகலாமே! பிறகு ஏன் தடுக்கிறது? கிழங்கு தின்றால் நான் சாகமாட்டேன். தெம்பு வந்து பறந்துவிடுவேன். அதற்குத்தான் அது பயப்படுகிறது!

யோசனை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் யோசனை தெளிந்ததும் பயம் போய்விடுமா? தூவி பின்வாங்கிச் சேற்றின் நடுவுக்கு வந்தது. ஒரு கிழங்கைக் கிளறி எடுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கியது.

"போச்சு! போச்சு!" என்று கூவியது நரி. "இப்ப உப்பும் பாரு! இப்ப வலிக்கும் பாரு!"

தூவி அசையாமல் நின்றது. வயிற்றுக்குள் 'கொடகொட'வென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வந்துவிட்டது என்று நினைத்தது. அது வெறும் பசிச் சத்தம். வெயில் உச்சிக்கு வந்தது. வலி வரவில்லை. வெயில் சாய்ந்தது. அப்போதும் வலி வரவில்லை!

இரண்டாவது கிழங்கைத் தின்றது. பிறகு நான்கு. மறுநாள் விடிந்ததும் பத்து. இத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்பு அதை ஆவலாக வாங்கிக்கொண்டது. கோரையில் தேய்த்துத் தேய்த்துச் சிறகுச் சேற்றையும் உதிர்த்தது.

நரிக்குப் பொறுமை போயிற்று. தூவி சிறகை விரித்ததைப் பார்த்ததும் ஒரே பாய்ச்சலாகச் சேற்றில் பாய்ந்தது! தூவி எழும்பியது. நரியின் பல்லில் இரண்டு வால் இறகு சிக்கியது. தூவி அலறிக்கொண்டே சிறகை அடித்தது. அடித்தது, அடித்தது, கோரைக்கு மேலே வந்துவிட்டது. கீழே நரி வயிறு வரை புதைந்து, இறகைத் துப்பிவிட்டுக் கரைக்கு ஊர்ந்தது.

எதிரே ஒரு வாத்து வேகமாகப் பறந்து வந்தது. வழியில் இருந்த ஒவ்வொரு குளமாகத் தேடிக்கொண்டு வந்த வரியன்தான்.

"உசுரோட இருக்கியா, புள்ள!" வரியனுக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாம் என்னாலதான். நான் சொன்ன கல்லாலதான்!"

கூட்டம் திரும்பியதும் தூவி நேராக நெட்டையனிடம் போனது. "பனங்கட்டை என் கனத்தால அமுங்கல, கல்லால அமுங்குச்சு," என்று உள்ளதைச் சொன்னது. வரியன் தலைகுனிந்து பக்கத்தில் நின்றது.

"மலைமேல விழுந்திருந்தா எங்களால எடுக்கக்கூட முடிஞ்சிருக்காது," என்றது நெட்டையன். "பக்கத்து ஏரியில இருக்கிற வடகரைக் கூட்டம் இன்னும் இருபது நாள் கழிச்சுத்தான் கிளம்புது. அதுக்குள்ள உடம்பைத் தேத்து. அவங்களோட வா."

கூட்டம் கிளம்பிப் போயிற்று. தூவியும் வரியனும் தங்கின. குளத்தில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. நரி தினமும் கரையில் வந்து உட்கார்ந்தது. தூவிக்கு அதைப் பார்த்தாலே பயம். ஆனாலும் அது ஒரு முடிவு எடுத்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் புதிதாகத் தின்ன வேண்டும். மூன்று நாள் பொறுக்க வேண்டும். பிறகுதான் அடுத்தது.

பாசி தின்றது. ஒன்றும் ஆகவில்லை. உளுந்துக் கொழுந்து தின்றது. அதுவும் ஒன்றும் செய்யவில்லை. பிறகு வரியனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, நான்கே நான்கு நெல்மணி தின்றது.

சாயங்காலம் வயிறு உப்பியது. வலி முறுக்கியது. தூவி வலியோடு வலியாகச் சிரித்தது.

"நெல்லுதாங்க! வெறும் நெல்லு மட்டும்தான்! பாவம், கிழங்கு என்ன பண்ணுச்சு, பாசி என்ன பண்ணுச்சு!"

அன்றிலிருந்து நெல்லின் பக்கம் அது திரும்பவில்லை. மற்றதையெல்லாம் வயிறு நிறையத் தின்றது. இருபதாம் நாள் கல்லில்லாமலே பாதம் நனைந்தது. வடகரைக் கூட்டத்தோடு தூவியும் வரியனும் பறந்தன. பல நாள் பறந்தபின் தூரத்தில் பனிமலை வெள்ளையாகத் தெரிந்தது.

"பயமா இருக்கா, புள்ள?" என்று கேட்டது வரியன்.

"இருக்குங்க. ஆனா இது எல்லா வாத்துக்கும் இருக்கிற பயம்தானே!" என்று சொல்லிக்கொண்டே தூவி சிறகை வீசி அடித்தது.

உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்றை விடுவது அறிவு. பயந்துபோய் ஒத்துக்கொள்வதையும் சேர்த்து விடுவது, தன்னைத் தானே நரிக்கு ஊட்டுவது.