ராஜா தலையசைத்த மசோதாக்கள்

முன்னொரு காலத்தில் மணவூர் நாட்டைக் குலவர்த்தனன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டானோ இல்லையோ, நன்றாகச் சாப்பிட்டான். ஆடி மாதம் பிறந்தால் அவன் சபை கூடும். பிரதானிகள் மசோதா வாசிப்பார்கள், ராஜா தலையசைத்தால் அது சட்டம். அதை எதிர்த்துப் பேசினால் பேசியவன் தலை போய்விடும்.

பிரதானிகளில் விக்கிரமராயர் பெரிய தந்திரக்காரர். மந்திரி இளநாகனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். காலையில் ராயர் வாயே திறக்கமாட்டார். ராஜா நெய்ச்சோறும் பாயசமும் முடித்து வந்து சாய்ந்து, கண் சொருகித் தலை முன்னே விழும் நேரம் பார்த்துத்தான் ஓலையை எடுப்பார். மீசைக்கு வரி, குடைக்கு வரி, கல்யாணத்தில் சத்தமாகச் சிரித்தால் வரி. ஒவ்வொன்றுக்கும் தலை விழுந்தது, ஒவ்வொன்றும் சட்டமானது. கேட்டுக் கேட்டு மந்திரிக்கு அலுத்துப் போயிற்று. சொல்கிற எனக்கே கொட்டாவி வருகிறது.

ஒருநாள் காலை, கீழ்க்குளத்து மூக்காயி மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாற்று விட்டிருந்த குடியானவப் பெண்.

"சாமி, ஏரித்தண்ணி இனிமே ராயர் தோப்புக்கு மட்டுந்தானாம், சட்டமாம். மதகை அடைச்சுட்டாங்க. நாத்து கருகுது. புள்ளைங்களுக்கு என்னத்தப் போடுவேன்?"

"எதிர்த்துப் பேச முடியாதம்மா" என்று மந்திரி பெருமூச்சு விட்டார். "நானும் ஒரு மசோதா கொண்டுவந்து பார்க்கிறேன்."

அன்று மதியம் ராஜா கண் சொருகியதும் அவர் எழுந்தார். "சபை நடக்கும் நாளெல்லாம் மகாராஜா மதியம் கேழ்வரகுக் கூழ் மட்டுமே உண்பார்."

தலை விழுந்தது. விக்கிரமராயர் ஆட்சேபிக்கப் பாதி எழுந்தார். ராஜா தூங்குகிறார் என்று சொன்னால் தம் சட்டங்களும் சேர்ந்து போகுமே! அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் தங்கக் கிண்ணத்தில் கூழும் ஒரு பச்சை மிளகாயும் வந்தன. ராஜா கிண்ணத்தோடு சபைக்கே வந்துவிட்டான்.

"எவன் வேலை இது?"

"தங்கள் சட்டம், மகாராஜா. நேற்று தலையசைத்தீர்கள்" என்றார் மந்திரி.

"நேற்று நான் தூங்கிக்கொண்டல்லவா..." ராஜா பாதியில் நிறுத்தினான். கூழைப் பார்த்தான், மந்திரியைப் பார்த்தான். "ஓய் மந்திரி, இப்படி வேறு எதற்கெல்லாம் தலையசைத்திருக்கிறேன்?"

மந்திரி சொல்லச் சொல்ல ராஜாவின் முகம் சுருங்கியது. ஏரிச் சட்டத்தைக் கேட்டதும் அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. தூக்கத்தில் போட்ட சட்டமெல்லாம் ரத்து என்றான். விக்கிரமராயர் அப்போதே கீழ்க்குளம் போய், ஊரார் பார்க்கத் தம் கையாலேயே மதகைத் திறக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டான். பட்டு வேட்டி சேறாகுமே என்று முனகிக்கொண்டே ராயர் போனார்.

"உமக்கு என்ன வேண்டும், கேளும்" என்று ராஜா மந்திரிக்காக முத்துமாலையைக் கழற்றினான்.

"மாலை வேண்டாம், மகாராஜா. ஒரு வாரம் தூங்க விட்டால் போதும்."

"தாராளமாகத் தூங்கும். அதுசரி, கூழ்ச் சட்டமும் தூக்கத்தில் போட்டதுதானே? அதுவும் ரத்துதானே?" என்று ராஜா ஆசையோடு கேட்டான்.

"ரத்துதான். நெய்ச்சோறே கொண்டுவரச் சொல்லட்டுமா?"

ராஜா சபையைச் சுற்றிப் பார்த்தான். மடியில் ஓலைக்கட்டோடு மற்றப் பிரதானிகள் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் பெருமூச்சு விட்டு, மிளகாயைக் கடித்துக்கொண்டு, கூழ்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான்.