கூப்பிட்டும் வராத முயல்

கோடை வந்தால் கருமலைக் காட்டில் மிஞ்சுவது ஒரே ஒரு குட்டைதான். அதனால் விலங்குகளும் பறவைகளும் முறை வைத்துத் தண்ணீர் குடித்தன. யாருக்கு முறை வருகிறதோ, அவர் பெயரைக் காட்டுச்சேவல் செங்காளை மூன்று தரம் கூவும். வராவிட்டால் அன்றைய முறை போச்சு! மூன்று நாள் தொடர்ந்து தவறினால் பெயரையே நீக்கிவிடுவார்கள். அப்புறம் அந்தக் கோடை முழுக்கக் குட்டையில் வாய் வைக்கக் கூடாது.

செங்காளை நேர்மையான சேவல். தொண்டை கிழியக் கூவும். அதைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது வெண்ணி என்ற முயல்தான். கூப்பிட்டால் வராது. கூப்பிடாத நேரத்தில் வந்து நின்று வசவு வாங்கிக்கொண்டு போகும். இப்படியே இரண்டு நாள் தவறிவிட்டது. நாளையும் தவறினால் வெண்ணிக்குத் தண்ணீர் இல்லை.

செங்காளை தலைவர் கரடியிடம் ஓடியது. "இதோ, இருபதடி தூரத்தில்தான் மேய்கிறது! திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறதே, திமிரா?"

"திமிர் இல்லையப்பா, அதற்குக் காது கேட்காது. முள்ளம்பன்றிக்கும் கேட்காது. அந்த இரண்டு புள்ளிமான்களுக்கும் கேட்காது," என்றது கரடி.

"ஐயையோ! அப்படியென்றால் என்ன செய்வது?"

"இன்னும் கொஞ்சம் உரக்கக் கூவு!"

செங்காளை உரக்கக் கூவியது. மரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஆந்தை தொப்பென்று விழுந்தது. வெண்ணி புல்லை மென்றுகொண்டிருந்தது.

கரடிக்கு மனம் இளகிவிட்டது. "பாவம்! காது கேளாதவர்களின் குறைகளை அறிய உடனே ஒரு கூட்டம் போடுவோம். அவர்களைக் கூப்பிடு!"

செங்காளை மூன்று தரம் கூவியது. நால்வரில் ஒருவர்கூட வரவில்லை. அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று ஒருமனதாக முடிவு செய்து கூட்டத்தை முடித்தார்கள். எல்லோருக்கும் பரம திருப்தி.

கும்பலைக் கண்டு வெண்ணி அங்கே வந்தது. கூடவே அணிலும் வந்தது. அணிலின் காலஞ்சென்ற அம்மாவுக்குக் காது கேட்டதில்லை. அதனால் கையசைவில் பேசுவது அணிலுக்குத் தாய்மொழி. வெண்ணி முன்னங்கால்களாலும் காதுகளாலும் பேசியதை அணில் வாயால் சொன்னது; மற்றவர்கள் சொன்னதை வெண்ணிக்குச் சைகையில் காட்டியது.

"இங்கே என்ன கூட்டம்?"

"உங்களுக்காகத்தான் அம்மா! இப்போதுதான் முடிந்தது. நீங்கள்தான் வரவில்லை," என்றது கரடி.

"எங்களை எப்படி அழைத்தீர்கள்?"

செங்காளை மார்பை நிமிர்த்திக்கொண்டது. "மூன்று தரம் கூவினேன்!" சொன்ன பிறகு அதன் மனதுக்குள் ஏதோ இடித்தது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

"எனக்கு மட்டும் சலுகை காட்ட வேண்டாம்," என்றது வெண்ணி. "விதியை மாற்றுங்கள். அழைப்பு கண்ணுக்கும் தெரியட்டும். விதி செய்யும் சபையில் எங்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்."

"விதி எல்லோருக்கும் ஒன்றுதானே?" என்றது கரடி. "கூப்பிட்டால் வர வேண்டும், அவ்வளவுதான்! யார் கூப்பிட்டால் என்ன?"

"அப்படியானால் நாளைக்கு நாங்கள் கூப்பிடுகிறோம்."

"தாராளமாக!" என்றது கரடி.

மறுநாள் வெண்ணி பாறைமேல் ஏறி நின்றது. வாயைத் திறக்கவில்லை. இரு காதுகளையும் மடக்கி, மார்பில் மூன்று தரம் தட்டியது. கரடி கொட்டாவி விட்டது. பிறகு வெண்ணி தலைமேல் பாதத்தைக் கொண்டைபோல் வைத்து மூன்று தரம் ஆட்டியது. 'பாவம், தலையில் பேன் போலிருக்கிறது,' என்று நினைத்தது செங்காளை. தங்கள் சைகையைக் கண்டதும் புள்ளிமான்கள் வந்தன, குடித்தன, போயின. முள்ளம்பன்றியும் குடித்தது. மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

உச்சி வெயிலில் செங்காளைக்கு நா வறண்டுவிட்டது. மெல்லக் குட்டையருகே போனது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வழியை மறித்தது.

"உன் முறை காலையிலேயே போய்விட்டது!" என்றது அணில்.

"என்னை யாரும் கூப்பிடவே இல்லையே!"

"மூன்று தரம் கூப்பிட்டார்கள். நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?"

"பார்த்தேன்... ஆனால் அது என் பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு யார் சொன்னார்கள்? இது அநியாயம் இல்லையா?" என்று கத்திய செங்காளை சட்டென்று நின்றது. பாறைமேல் வெண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. செங்காளைக்கு வெட்கமாகிவிட்டது.

அது நேரே கரடியிடம் போனது. "தலைவரே, இந்த முயலை நான் ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை. வெறுமனே கத்தியிருக்கிறேன்!"

கரடிக்கும் நா வறண்டுதான் இருந்தது. அன்று மாலையே விதி மாறியது. அன்றுமுதல் ஒவ்வொரு பெயரையும் சேவல் கூவியது, பாறைமேல் நின்று ஒருவர் சைகையும் காட்டினார். வெண்ணியின் பெயர் நீங்காமல் தப்பியது. சபையில் அதற்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் அணிலும் உட்கார்ந்தது. கரடி மட்டும் இன்றுவரை மானுக்கும் முள்ளம்பன்றிக்கும் சைகையை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லோருக்கும் பொது என்று ஒரு விதி செய்தால், அது யாரை எட்டவில்லையோ அவர்களையும் சபையில் உட்கார வைத்துச் செய்ய வேண்டும். அப்போதுதான் அது பொது விதி.