ஓட்டைக்குளத்தில் ஒரு வீடு மூன்றான கதை

ஓட்டைக்குளம் என்ற ஊரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நல்லதாய்ப் போயிற்று. அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் இருவர். தலைவர் கனகசபாபதிக்குத் தலை பளபளவென்று இருக்கும். உள்ளேயும் அப்படியே துடைத்து வைத்தது போலத்தான்.

தையல்காரி செங்கமலம் ஒருநாள் ஆபீசுக்கு வந்து, வீட்டில் நெட் வரவில்லை என்றாள்.

“உன் வீடு எந்தக் குழும்மா?” என்றார் தலைவர்.

“எந்தப் படத்துல கேக்குறீங்க? தண்ணிக்கா, கரண்டுக்கா, நெட்டுக்கா?”

அவள் கேட்டது நியாயம். ஊருக்கு மூன்று வரைபடம்; ஒவ்வொன்றிலும், இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து வீடுகளை மேடு, பஜார், கோயில் என்று மூன்று குழுவாகப் பிரித்திருந்தார்கள். அவள் வீட்டுக்குக் குழாய் மேட்டுத் தொட்டியிலிருந்து வருகிறது. அதனால் தண்ணீர்ப் படத்தில் அது மேட்டுக் குழு. கரண்டு பஜாரிலிருந்து வருவதால் அந்தப் படத்தில் பஜார்க் குழு. நெட் கேபிள் கோயில் கம்பத்திலிருந்து வருகிறது, ஆகவே கோயில் குழு. எந்தப் படம் என்று சொன்னால் எந்தக் குழு என்று சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் சங்கதி. ஆனால் பஞ்சாயத்தில் சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லையே.

மூவரும் மூன்று படங்களையும் விரித்துப் பார்த்தார்கள். முகம் வெளிறிவிட்டது.

“மேட்டுல ஒரு வீடு, பஜார்ல ஒரு வீடு, கோயில்ல ஒரு வீடு! தையல் தைக்கிறவளுக்கு மூணு வீடா?” என்றார் உறுப்பினர் சடையாண்டி.

“மூணும் ஒரே இடத்துல இருக்குறதால நமக்குத் தெரியாமப் போச்சு” என்றார் ஆரோக்கியம், இன்னொரு உறுப்பினர்.

இந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்த டவுன் இன்ஜினியருக்குத் தலைவர் போன் போட்டார். கம்ப்யூட்டரில் ஏதோ குளறுபடி என்று நினைத்த அந்த மனுஷன், “ஒரே வீடு மூணு தடவை வருதா? ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் எடுத்துடுங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மூவரும் கடப்பாரையோடு செங்கமலம் வீட்டு வாசலில் நின்றார்கள்.

“பயப்படாதேம்மா. உன் வீட்டைத் தொடவே மாட்டோம். மத்த ரெண்டைத்தான் இடிக்கப் போறோம்” என்றார் தலைவர்.

“அந்த ரெண்டும் எங்கேய்யா இருக்கு?”

“இதே இடத்துலதான்.”

செங்கமலம் ராப்பகலாய் மிஷின் மிதித்துக் கட்டிய வீடு. அழுதாள், கத்தினாள். மூவரும் ரொம்ப இரக்கத்தோடு கேட்டுக்கொண்டே கடப்பாரையை ஓங்கினார்கள். அரசாங்க வேலை பார்க்கிறவர்கள் இரக்கப்படுவார்கள், நிறுத்த மாட்டார்கள்.

அழுது பயனில்லை என்று தெரிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தலைவரே, உங்க ஆபீசு எந்தக் குழு?”

கடப்பாரை அந்தரத்தில் நின்றது. படங்களை அங்கேயே விரித்தார்கள். தண்ணீரில் பஜார்க் குழு, கரண்டில் கோயில் குழு, நெட்டில் மேட்டுக் குழு.

“ஐயையோ! நம்மகிட்டயும் ரெண்டு அதிகப்படி!” என்று தலையில் கை வைத்தார் ஆரோக்கியம்.

“தன்கிட்ட ரெண்டை வெச்சுக்கிட்டு அடுத்தவ வீட்டை இடிச்சா ஊர் என்ன பேசும்?” என்றாள் செங்கமலம்.

தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மூவரும் ஆபீசுக்கு ஓடினார்கள். கூரையோடு பாதிச் சுவரைச் சாய்த்து, “ஒண்ணு முடிஞ்சது” என்றார் சடையாண்டி. மீதிச் சுவரையும் சாய்த்து, “ரெண்டும் முடிஞ்சது” என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், வெறும் மண்மேடு.

“மிச்சம் ஒண்ணு இருக்கணுமே? திருட்டுப் போயிடுச்சா?” என்று அலறினார் தலைவர்.

கல்லைப் புரட்டித் தேடினார்கள். கடைசியில் ஆரோக்கியம்தான் கண்டுபிடித்தார்.

“தலைவரே, இதோ இருக்கு பாருங்க! நெட்டுப் படத்துல பத்திரமா இருக்கு!”

மூவருக்கும் உயிர் வந்தது. படத்தில் ஆபீஸ் கட்டம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. படத்தை மண்மேட்டில் விரித்து, அந்தக் கட்டத்தின் மேல் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். படத்தில் வாசல் குறித்திருந்த ஓரமாகத் தலைவர் அமர்ந்தார். இடித்த களைப்பில், செங்கமலத்தின் அதிகப்படி வீடுகள் அவர்கள் ஞாபகத்தை விட்டே போய்விட்டன. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஆனாலும் நெட் வரவில்லையே! மறுநாள் காலையில் மறுபடி வந்து நின்றாள். தலைவர் அவளை நேருக்கு நேர் பார்த்தார்.

“ஆபீசுன்னா ஒரு முறை இருக்கும்மா. கதவைத் தட்டிட்டுப் பேசு.”

“கதவு எங்கேய்யா?”

“படத்தைப் பாரு. நான் உட்கார்ந்திருக்கிற இடம்தான்.”

செங்கமலம் குனிந்து, அவருடைய வழுக்கைத் தலையில் நங் நங்கென்று நன்றாகவே தட்டினாள்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு குரல் கொடுத்தார்:

“யாரது? தலைவர் வெளியே போயிருக்கார். நாளைக்கு வாங்க.”