பாட்டு நிற்கும் இடம்

"நல்ல ஆட்டக்காரன் யாருன்னு தெரியணும்னா அவனைப் பார்க்காதே. இதுவரைக்கும்தான் ஞாபகம் இருக்கு சார். அவனுக்குப் பதிலா யாரைப் பார்க்கணும்னும் எங்க அப்பா சொல்லுவார். அதுதான் மறந்துபோச்சு" என்றாள் டாஃப்னி.

"யோசிச்சுப் பாருங்க மாஸ்டர்" என்றான் பார்த்திபன்.

"யோசிச்சுக்கிட்டேதான் இந்த ஹாலை நடத்துறேன்."

பெரம்பூரில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது அந்த ஹால். சனிக்கிழமை மாலைகளில் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு அங்கே ஸ்விங் ஆடுவார்கள். இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு, பழைய ஜாஸ் பாட்டுக்கு, முன்கூட்டி எதுவும் பேசிவைக்காமல் ஆடும் ஆட்டம். ஒருவர் லீட், கையால் வழி சொல்பவர். மற்றவர் ஃபாலோ; அந்தக் கையைக் கேட்டு ஆடுபவர்.

டாஃப்னிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நடனம் சொல்லித்தருபவர் ஆணானாலும் பெண்ணானாலும் இந்த ஊரில் மாஸ்டர்தான். அவளைவிடப் பெரியவனான பார்த்திபனும் அப்படித்தான் கூப்பிட்டான். அவள் அவனை சார் என்றாள்.

பார்த்திபனும் அவன் மனைவி மேகலாவும் ரோட்டர்டாமில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். மகன் அங்கேயே தங்கிவிட்டான். இங்கே பழைய நண்பர்களுக்கு அவரவர் வேலை இருந்தது. வீட்டில் இருவரும் ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேர்ந்து செய்ய ஏதாவது ஒன்று வேண்டும் என்று மேகலாதான் இந்த வகுப்பைக் கண்டுபிடித்தாள்.

முதல் நிலை முடிந்தது. கூடச் சேர்ந்தவர்களை எல்லாம் டாஃப்னி இரண்டாம் நிலைக்கு அனுப்பினாள். மேகலாவையும் போகச் சொன்னாள். பார்த்திபனைப் பார்த்து, இப்போ வேண்டாம் சார், இருங்க என்றாள். மேகலா தானும் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

பார்த்திபன் சண்டை போடவில்லை. படித்தான். வீடியோக்களைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, படுக்கையறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினான். சுற்றி விடுவது, கழுத்துக்குப் பின்னால் கை மாற்றுவது, பிடியை விட்டுப் பிடிப்பது. இப்போது அந்த ஹாலில் அவனைவிட அதிக ஸ்டெப் தெரிந்தவள் டாஃப்னி மட்டும்தான். ஆனாலும் அவள் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்கத்தான் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தான். அதற்குத்தான் அவள் அப்பா சொன்னதில் பாதியைச் சொன்னாள்.

அவன் விடவில்லை. இர்ஃபானை உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டான். இர்ஃபான் பல் மருத்துவம் படிக்கும் பையன். தாளம் தப்பினால் சிரிப்பான், தப்பாவிட்டாலும் சிரிப்பான். அவனோடு ஆட ஹாலில் எப்போதும் யாராவது காத்திருந்தார்கள்.

"அவனை அனுப்பிட்டீங்க. அவனுக்குத் தெரிஞ்சதே நாலு ஸ்டெப்."

"மூணு" என்றாள் டாஃப்னி.

பார்த்திபன் உண்மையான விஷயத்துக்கு வந்தான்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து, எல்லோரும் இஷ்டம்போல ஆடும் நேரம். அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்கக் கூடாது என்பது ஹாலின் ஒரே சட்டம். கால் மிதிபட்டாலும் சிரித்துவிட்டு ஆட வேண்டும். பார்த்திபன் நடுப் பாட்டில் ஆட்டத்தை நிறுத்தினான். மேகலாவின் தோளைப் பிடித்து, நீ இந்தப் பக்கம் வந்திருக்கணும் என்று திருப்பிக் காட்டினான். இரண்டு முறை காட்டினான். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் சுற்றிப் போனார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில், வில்லிவாக்கம் தாண்டிய பிறகு, அடுத்த வாரம் வருகிறேன், அதோடு சரி, அப்புறம் நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்றாள் மேகலா. ஏன் என்று கேட்டான். உங்ககூட ஆடுறது டிரைவிங் டெஸ்ட் மாதிரி இருக்கு, பாஸ் பண்ணவும் விட மாட்டேங்கறீங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"இன்னைக்குத்தான் கடைசி" என்றான் டாஃப்னியிடம். "மேகலா தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. அங்கிருந்து நேரா வருவா. நீங்க ரெண்டாம் நிலைக்கு விட்டீங்கன்னா நான் இன்னும் நல்லா ஆடுவேன். அவளும் தொடர்ந்து வருவா."

டாஃப்னி எழுந்துபோய் ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டாள். திரும்பி வந்து கையை நீட்டினாள்.

"நான் லீட். நீங்க ஃபாலோ. கொஞ்சம் குனிஞ்சுக்கங்க, எனக்குக் கை எட்டாது."

ஆடினார்கள். அவனுக்குத் தெரிந்த ஸ்டெப் எல்லாவற்றையும் அவள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். ஒன்று முடியும் முன்பே அடுத்தது வந்தது. சுற்றினான், குனிந்தான், கை மாறினான். அடுத்து எது என்று யோசிப்பதற்குள் அது முடிந்திருந்தது. ஒரு இடத்தில் அவன் தப்பிப் போனபோது ஆட்டத்தை நிறுத்தி, இந்தப் பக்கம் சார் என்று தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவன் முகம் சிவந்தது. பாட்டு முடிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நடுவுல ட்ரம்பெட் நின்னுச்சே, எந்த இடத்துல?" என்று கேட்டாள்.

"நின்னுச்சா?"

அவள் அதே பாட்டை மறுபடி போட்டாள். மறுபடி கையை நீட்டினாள்.

இந்த முறை அவள் ஒரே ஒரு ஸ்டெப்தான் போட்டாள். முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லித்தந்தது. விலகுவது, நெருங்குவது. விலகுவது, நெருங்குவது. கொஞ்ச நேரம் பார்த்திபனுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் காது திறந்துகொண்டது. அடியில் ஒரு பேஸ் வாத்தியம் நடந்துகொண்டே இருந்தது. அதன் மேலே பியானோ ஏதோ கிண்டல் செய்தது. ட்ரம்பெட் ஏறி ஏறிப் போய், சட்டென்று நின்றது.

டாஃப்னியும் நின்றாள். கையை விடவில்லை, இழுக்கவும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் பார்த்திபனின் வலது தோள் ஒருமுறை தூக்கி இறங்கியது. பிறகு இடது தோள். ட்ரம்பெட் திரும்ப வந்தது. இருவரும் விலகி, நெருங்கினார்கள்.

"அது என்ன பண்ணீங்க?" என்றாள் பாட்டு முடிந்ததும்.

"ஒண்ணும் பண்ணலை. தோள் தானா போச்சு."

"நான் சொல்லித்தரலை."

"இல்லை."

"எந்த வீடியோவுல இருந்துச்சு?"

வாசலில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

"மேகலாவோட இன்னைக்கு ஒரு பாட்டு ஆடுங்க. இந்த ஒரு ஸ்டெப்தான். வேற எதுவும் போடக் கூடாது."

"முழுப் பாட்டுக்குமா? கடைசி நாள் மாஸ்டர். போரடிச்சுப் போயிடுவா."

"யாருக்குப் போரடிக்கும்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்பைத் தொடங்கப் போனாள்.

மேகலா தாமதமாக வந்தாள். கையில் தங்கை கொடுத்த மாங்காய்ப் பை. அதை ஒரு நாற்காலியில் வைத்தாள், செருப்பைக் கழற்றி ஷூ மாட்டினாள். இர்ஃபான் வந்து கூப்பிட்டான். போய் ஆடிவிட்டு வந்தாள். டாஃப்னியோடு ஆடினாள். பார்த்திபன் நாற்காலிகள் அடுக்கியிருந்த பக்கமே நின்றான். கடைசியில் அவளே அவன் முன்னால் வந்து நின்றாள். வாங்க, முடிச்சுட்டுக் கிளம்பலாம் என்றாள்.

பாட்டு தொடங்கியது. விலகினார்கள், நெருங்கினார்கள். மேகலாவின் கை இறுகியிருந்தது. அடுத்து எந்தப் பக்கம் சுழற்றுவானோ என்று அவள் முழங்கை முன்கூட்டியே தயாராக இருப்பது அவனுக்குத் தெரிந்தது. இத்தனை மாதம் அது தெரிந்ததில்லை. அவன் சுழற்றவில்லை. மறுபடி விலகினார்கள், நெருங்கினார்கள்.

மேகலா அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன, மறந்துட்டீங்களா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தான்.

பாட்டின் பாதியில் முழங்கை தளர்ந்தது.

பிறகு அவள் குதிகாலைத் தரையில் ஒருமுறை தட்டினாள். டிரம்ஸ் தட்டிய அதே இடத்தில். அடுத்த சுற்றில் இரண்டு முறை தட்டினாள். விலகிப் போகும்போது இடுப்பை ஒரு வெட்டு வெட்டித் திரும்பினாள். அப்படி அவள் ஆடி அவன் பார்த்ததில்லை. அவள் கால் தவறான பக்கம் இருந்தது. அவன் வாய் திறந்தது. மூடிக்கொண்டான். அவள் எடுத்துக்கொண்ட நேரம் ஸ்டெப்பைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் முடித்துவிட்டு வந்தாள்.

ஒரு இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. அவனும் நின்றான். மேகலா ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து, மாங்காய் பறிப்பதுபோல் எதையோ பறித்து அவன் சட்டைப் பையில் போட்டாள். பாட்டு திரும்ப வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். அவனும் சிரித்ததில் கால் தப்பியது. ஆட்டத்தை நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்தது.

"உடம்பு ஏதாவது சரியில்லையா உங்களுக்கு?" என்றாள்.

"நல்லாதான் இருக்கேன். மாஸ்டர் ஒரு ஸ்டெப்புக்கு மேல கூடாதுன்னுட்டாங்க."

"நல்ல மாஸ்டர்."

அடுத்த பாட்டு தொடங்கியது. மேகலா கையை விடவில்லை. நாலைந்து பாட்டு அப்படியே போயிற்று. இடையில் இர்ஃபான் வந்து நின்று பார்த்தான். ஆன்ட்டியோட ஆட க்யூ நிற்குது அங்கிள் என்றான். நீ போய்ப் பல்லைப் பிடுங்குப்பா என்று மேகலா அவனை விரட்டினாள்.

மின்விசிறிகளை அணைக்கும் நேரத்தில் டாஃப்னி அவர்களிடம் வந்தாள். பார்த்திபனைப் பார்க்கவில்லை, மேகலாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேரும் இரண்டாம் நிலைக்கு வரலாம் என்றாள். மேகலா பார்த்திபனைப் பார்த்தாள். அப்போ அடுத்த வாரமும் வரணுமா என்று கேட்டாள். வர ஆசைப்பட்டுக் கேட்டதுபோல்தான் அது இருந்தது.

பார்த்திபன் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்.

"ரெண்டாம் நிலையில என்ன மாஸ்டர் சொல்லித்தருவீங்க?"

"முதல் நிலையில சொன்னதுதான் சார். அப்போ நீங்க கையால சொல்லிக்கிட்டே இருந்தீங்க, கேட்கலை."

அடுத்த சனிக்கிழமை மேகலா இரண்டாம் நிலையில் சேர்ந்தாள். பார்த்திபன் முதல் நிலையிலேயே, ஃபாலோவாக, மறுபடி சேர்ந்தான்.